ஆமென் சொல்லாத பெயர்

பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காம்பராவின் வாசல் அப்படி. முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு திருப்பம், நிலையில் ஒரு இடி, அதற்கப்புறம் ஒரு பக்கமாகச் சரித்துத்தான் உள்ளே விட முடியும். "தலப்பக்கம் தூக்கு, தலப்பக்கம்!" என்று ஆளுக்கொரு விதமாகச் சத்தம் போட்டார்கள். உள்ளே கிடந்த உதயராஜ் மட்டும்தான் யாரையும் குறை சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான்.

ஜீவராணி கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதுகு பட்ட சுவர் எப்போதும்போல ஈரமாக இருந்தது.

வேதக்கார வீடு என்பதால் தப்பு மேளம் அடிக்கவில்லை. பக்கத்து மாரியம்மன் கோயிலில் இருந்து இரவல் வாங்கிய கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அமைதி பழக்கமில்லை. அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பரா கலைச்செல்வி உள்ளே வந்து காதோரம் குனிந்தாள்.

"அக்கா, தலைவரு வாராராம். மலர்வளையத்தோட கீழ் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்காரு."

மகன் மதுசனுக்கும் அது கேட்டுவிட்டது. எம்பிலிப்பிட்டியில் கடை வேலையில் இருக்கிறவன், விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தான். "வரட்டும். வாசல்லயே வச்சு நாலு வார்த்த கேக்குறேன். அப்பா விட்டதெல்லாம் சேத்துக் கேக்குறேன்" என்றான்.

நாலு வார்த்தை என்ன, ஜீவராணியிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது.

தோட்டத்துக்குத் தனி வீடுகள் வந்தபோது உதயராஜுக்கு ஒன்று என்று முடிவாகியிருந்தது. ரப்பர் மலையில் பால் வெட்டி, பனியிலும் மழையிலும் நனைந்து அவருக்கு நெஞ்சு கெட்டிருந்தது. ஈரச் சுவர் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். கடைசி நேரத்தில் சங்கத் தலைவர் சண்முகநாதன் அந்த வீட்டைத் தன் மச்சானுக்குத் திருப்பிவிட்டார். இஸ்தோப்பில் நின்றால் எதிர் மேட்டில் அந்த வீடு தெரியும். ஜன்னலில் யாரோ போட்ட மஞ்சள் திரை. மனதுக்குள் ஜீவராணி அந்தத் திரையைக் கழற்றிவிட்டு எத்தனையோ நிறத்தில் தன் திரையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

உதயராஜோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஆளுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவார்! நாட்டை ஆளுகிறவர்கள், தோட்டத்துத் துரை, கங்காணி என்று ஒவ்வொருவராகச் சொல்லி வருவார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஆமென் சொல்ல வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். துரைக்குக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லிவிடுவாள். "எங்க தலைவர் சண்முகநாதன் அய்யாவ ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று வரும்போது மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். அவர் நிறுத்துவார். காத்திருப்பார். அந்த இடைவெளியில் கலைச்செல்வி வீட்டு டிவி சத்தம் கேட்கும். பிறகு செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார்.

"நம்ம வயித்துல அடிச்ச ஆளு. அவனுக்குப் போயி ஜெபமா? ஒங்களுக்கு ரோசமே இல்லியா?" என்று ஒருநாள் கத்தினாள்.

"ரோசம் இருக்கப் போயித்தான ஆபிஸ் வாசல்ல வச்சு, இது நியாயமில்ல தலைவரேன்னு நேரா கேட்டேன். கேக்க வேண்டியத மூஞ்சிக்கு நேரா கேட்டாச்சு. வீட்டுக்குள்ள ஒக்காந்து முதுகுக்குப் பின்னால பேச என்னா இருக்கு?"

"அதுக்கு ஜெபம் வேற பண்ணணுமா?"

"ராஜாக்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னுதான் வேதத்துல இருக்கு. நல்ல ராஜாவா பாத்துப் பண்ணுங்கன்னு இல்லியே."

"அந்தாளு ராஜாவாக்கும்!"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் ஓயவில்லை. அவளுக்கு வீடுகூடப் பெரிதில்லை. ஒரே ஒரு தரம் தன்னோடு சேர்ந்து அவரும் அந்த ஆளைத் திட்டிவிட்டால் போதும் என்று ஏங்கினாள். கோபத்தில் தனியாக இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

வெளியே பேச்சு அடங்கியது. சண்முகநாதன் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, மலர்வளையத்தை மார்போடு பிடித்தபடி நின்றார். மேலே ஏறவில்லை. மதுசன் எழுந்தான். எல்லார் கண்ணும் ஜீவராணி பக்கம் திரும்பியது. சேர்த்து வைத்ததெல்லாம் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்குக் கொட்டினால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு விட்டால் இனி எப்போது?

பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாசலில் இருந்து அவர் யாரையும் அவமானப்படுத்தி அனுப்பியதில்லை. அவர் இன்னும் வீட்டில்தான் இருந்தார். சாயங்காலம்தான் போவார்.

"தம்பி, தலைவருக்கு ஒரு கதிர போடு."

"அம்மா!"

"போடுய்யா. அப்பா உள்ள இருக்காரு."

மதுசன் கதிரையை இழுத்துப் போட்ட வேகத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சண்முகநாதன் உட்காரவில்லை.

"அக்கா, எங்கிட்ட நேரா வந்து சண்ட புடிச்சவரு ஒங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான். அதுக்குப் பொறகும் ரோட்டுல கண்டா நின்னு, சொகமா இருக்கீங்களா தலைவரேன்னு கேப்பாரு. நக்கலுக்கு இல்ல. மெய்யாவே கேப்பாரு. அத தாங்க முடியாம நான் மேல் ரோட்டால சுத்திப் போயிருவேன்."

ஜீவராணி எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அந்த வீடு எங்களுக்கு வர வேண்டியதுங்க தலைவரே. இந்த ஈரத்துலதான் அவரு நெஞ்சு போச்சு. ஒங்ககிட்ட நேரா சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன். உள்ள வந்து பாருங்க."

"தெரியும்க்கா" என்றார் சண்முகநாதன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. "வீட்டுல யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர். மதுசன் மாட்டேன் என்று தலையாட்டினான். ஜீவராணி கண்ணை மூடினாள். அவள் ஒருநாளும் முன்னின்று ஜெபித்ததில்லை. தெரிந்த ஜெபம் அவருடையது ஒன்றுதான். நாட்டை ஆளுகிறவர்களைச் சொன்னாள், துரையைச் சொன்னாள், கங்காணியைச் சொன்னாள். கூடியிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள்.

"எங்க தலைவர் சண்முகநாதன் அய்யாவ ஆசீர்வதியும் ஆண்டவரே."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மதுசன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது பார்க்காமலே தெரிந்தது. அவள் காத்திருந்தாள். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்த இடத்தில்தான் அவர் ஒவ்வொரு ராத்திரியும் நின்று அவளை எதிர்பார்த்தார். அவர் இன்னொரு தரம் அந்தப் பெயரைச் சொல்வாரென்றால் அவள் ஆயிரம் ஆமென் சொல்லத் தயாராக இருந்தாள்.

"ஆமென்" என்றாள், அவளே, மெதுவாக. அது தலைவருக்காக இல்லை.

செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனாள். "எங்க புள்ள மதுசன..." அதற்கும் ஆமென் வந்தது.

அதற்கப்புறம் கடைசியாக அவர் சொல்வது ஒரே ஒரு பெயர். பகலெல்லாம் அவள் 'இந்தா', 'மதுசம்மா'. ராத்திரி ஆண்டவருக்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல, 'ஜீவராணி' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷமும் ஜெபத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று அவள் அவரிடம் சொன்னதில்லை.

பாஸ்டர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று நினைத்து ஆமென் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"மூடலாமாக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது.