குடும்பத்தில் வராதவள்

எக்ஸ்ரே அறை மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது, வருகிற நோயாளிகளின் செருப்பைப் பார்த்தால்தான் அங்கே வேலை செய்தவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு அந்த அறைதான். அதனால் கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோது, சம்பளத்தைக்கூடக் கேட்காமல் அவள் கேட்டது, "அங்க எக்ஸ்ரே ரூம் எந்த மாடியில இருக்கு?" என்பதுதான். மூன்றாவது மாடி என்றார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணவனுக்கும் சம்மதம்தான். அவன் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். ரெடிமேட் உறைகள் வந்த பிறகு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். "அங்கயும் கார்ல உக்காந்துதானே போவாங்க, நின்னுக்கிட்டா போவாங்க? ஏதாவது தச்சுக்கறேன்" என்றான்.

சிக்கல் பாப்பாவால் வந்தது. பாப்பா அவனுடைய தங்கை. முப்பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் ஆளைக் கீழே தள்ளிவிடும். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அண்ணன் வீடே கதி.

விசா அலுவலகத்தில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "நீங்க கூடப் போகலாம் சார். கூடப் பொறந்தவங்க குடும்பத்துல வரமாட்டாங்க."

"குடும்பத்துல வராம வேற எதுலம்மா வருவாங்க?" என்றான் அவன். அந்தப் பெண்தான் என்ன செய்வாள், அவள் போட்ட சட்டமா?

பாப்பாவை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சித்தப்பா மகனைக் கேட்டுப் பார்த்தார்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவியவன், பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டான். கடைசியில், இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதிக்குப் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு போனார்கள். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. பாப்பா அறைக் கதவின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஜன்னலோரமா ஒரு கட்டில் கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

பேருந்தில் திரும்பும்போது அவனுக்கு அந்தத் தாழ்ப்பாளே கண்ணில் நின்றது. வீட்டுக்குள் நுழைந்ததும், "அங்க விடமாட்டேன்" என்றான்.

"அப்ப நான் இந்த வீட்லயே தனியா இருந்துக்கறேன்" என்றாள் பாப்பா. "சும்மா சொல்லலண்ணா. ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு சாயங்காலமா வாங்க. நான் எப்படிச் சமாளிக்கறேன்னு பாருங்க."

இருவரும் ஒரு பூங்கா பெஞ்சில் போனை மடியில் வைத்துக்கொண்டு பொழுதைத் தள்ளினார்கள். திரும்பி வந்தபோது சமையல் ஆகியிருந்தது, துணி துவைத்துக் காய்ந்திருந்தது, பாப்பா தலைவாரி வாசலில் நின்றிருந்தாள். மறுநாளே எக்ஸ்ரேக்காரி ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்துவிட்டாள். பாப்பா அதற்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னையும் மடிச்சு வெச்சிருங்க, யாருக்கும் தெரியாது." மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேபோல வெளியே போய்த் திரும்பினார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவன் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். அடுப்பில் பாத்திரம் கருகிக் கிடந்தது. தரையில் பாப்பா, வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. நினைவு சரியாகத் திரும்பும் முன்பே, "வழுக்கிருச்சுண்ணா, வேற ஒன்னுமில்ல" என்று முனகினாள்.

விடுமுறை நாளானாலும் எக்ஸ்ரேக்காரி தானே அடித்தளத்துக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தாள். மணிக்கட்டு உடைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு முறிவு இருந்தது. பழசு, கட்டுப் போடாமல் தானாகவே கோணலாகச் சேர்ந்திருந்தது.

"இது எப்ப ஆச்சு?"

பாப்பா வெளியே அண்ணன் நிற்கும் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேலைய விட்டுட்டு எனக்குக் காவல் உக்காருவீங்க. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

நாள் முழுக்க ஊரார் எலும்பைப் பார்த்தவள், தன் வீட்டில் ஒருத்தி உடைந்த கையோடு துணி உலர்த்தியதைப் பார்க்கவில்லை. கைகழுவும் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பாப்பாவுக்காக அழுதாளா, மூன்றாவது மாடிக்காக அழுதாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நீ மட்டும் போ" என்றான் கணவன். "நான் இவளைப் பாத்துக்கறேன். லீவு கெடைக்கறப்ப வா." மனதாரத்தான் சொன்னான். போகலாமா என்று அவளும் யோசித்தாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது யோசிக்க யோசிக்க அவளுக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அந்தப் பயத்தில்தான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். அங்கிருந்து யாரும் வற்புறுத்தவில்லை.

"எனக்காகவா அண்ணி?" என்று கேட்டாள் பாப்பா.

"உனக்காக ஒன்னுமில்ல. அங்க குளிராம். உங்கண்ணனுக்கு ஒத்துக்காது."

பாப்பா தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. அதிலிருந்து அவள் அந்த வீட்டில் விருந்தாளியைப் போலப் புழங்கினாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். தட்டில் இரண்டாம் முறை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. கணவனோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவியைத் தெய்வம் என்றான். அது காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. சண்டை வந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒருநாள் காலை அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா குளியலறைக்குள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. குழாய் ஓடும் சத்தத்தைத் தவிர உள்ளே ஒரு அசைவும் இல்லை. வலிப்பு வந்து விழுந்திருப்பாளோ என்று கதவைத் தட்டப் போனவளின் கை பாதியில் நின்றது. தட்டாமல் நின்றாள். தான் எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அப்போதும் கை எழவில்லை.

கதவின் அடியில் அவள் நிழல் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே குழாய் நின்றது.

"இருக்கேன் அண்ணி" என்றாள் பாப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.