ஐயாவு வீட்டு லேப்டாப்

லேப்டாப் மறுபடியும் அணைந்தது.

இந்தத் தடவை போல்டரைத் திறக்கும் வரைக்கும் வந்து ஆசை காட்டிவிட்டு அணைந்தது. எழில்மொழி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா ஐயாவு கிடக்கிறார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"வந்துச்சாக்கா?" தம்பி பரிதி கதவோரம் தலையை நீட்டினான். "ஜாஹித் அண்ணன் கடையத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. பேனர் அடிக்கணும், ஃப்ரேம் போடணும். வெயில் தாழ எடுத்துடணுங்கிறாங்க."

"வந்தா சொல்ல மாட்டேனாடா? போ."

அப்பாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. போனில் இருக்கிற படங்களிலெல்லாம் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆதார் அட்டையில் உள்ளதைப் போட்டுவிடலாம் என்று பரிதி சொன்னபோதுதான், விடிந்ததிலிருந்து பேசாமல் இருந்த அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்தத் திருட்டு மூஞ்சிய வைக்காதடா. திருக்கடையூர்ல எடுத்தத வை. அதுல ஒண்ணுலதான் நேராப் பாத்தாரு."

அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம். போட்டோக்காரர் பென்டிரைவில் கொடுத்ததை லேப்டாப்பில் ஏற்றினார்கள். பென்டிரைவ் போன இடம் தெரியவில்லை. ஆல்பம் போட்டுவிடலாம் என்று எழில்மொழி அப்போதே சொன்னாள். "அதான் லேப்டாப்புல இருக்குல்ல" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

அது அவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அவள் காலேஜ் முடித்து, சென்னைக்கு வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டாள். அது மட்டும் இந்த வீட்டை விட்டு நகரவில்லை. அப்பா அதில் பழைய சினிமா பார்ப்பார், மழை வருமா என்று பார்ப்பார், மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துபோகும். வேண்டாம்ப்பா என்று அவள் புதிதாக ஒரு டேப்லெட் வாங்கி வந்தாள். அது பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. "இது நல்லாத்தானே ஓடுது" என்பார்.

நல்லாத்தான் ஓடியது! முதலில் சார்ஜர் முனையில் லூஸ் என்று நினைத்து ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டினாள். அணைந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் போட்டாள். அணைந்தது. குடவாசலில் சர்வீஸ் பார்க்கிற மூஸா வீட்டில் இன்றைக்கென்று பார்த்துக் கல்யாணம், கடை பூட்டு. அதற்கப்புறம்தான் அடியில் கை வைத்துப் பார்த்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தமே இல்லை.

தையல் மெஷின் டப்பாவிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து அடி மூடியைக் கழற்றினாள். காற்று போகிற வழி முழுக்க மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தது. தொட்டதுமே விரல் அரித்தது. நெல் சுணை. அப்பா லேப்டாப்பை நெல் மூட்டை மேல்தான் வைப்பார், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருமாம். குறுவைக்கும் சம்பாவுக்கும் மூட்டை மாறும், இது மாறாது. மூட்டை மேல வைக்காதீங்கப்பா என்று போன் பேசும்போதெல்லாம் சொன்னாள். சரி சரி என்பார். அந்தச் 'சரி சரி' முழுக்க இங்கேதான் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. செத்துக் கிடக்கிற மனிதர் மேல் இப்படிக் கோபம் வரலாமா என்று தெரியவில்லை. வந்தது.

பழைய பிரஷ்ஷால் சுணையைச் சுரண்டி எடுத்தாள். ஃபேனை விரலால் தள்ளினால் அரைச்சுற்று சுற்றிவிட்டு நின்றுகொண்டது. அதன் காலம் முடிந்துவிட்டது.

அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, பெத்தவன் அங்க கெடக்குறான், நீ இங்க கம்ப்யூட்டர நோண்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியே."

"போட்டோவுக்குத்தான் அத்த."

"என்னமோ போ."

மூடியை மாட்டிப் பட்டனை அழுத்தினாள். கொஞ்சம் கூடுதலாக நின்றது. அணைந்தது.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அதுக்கு விசிறணும்."

யாரோ பனையோலை விசிறியைத் தேடிக் கொடுக்க, அத்தை ஓடிப்போய் அம்மாவுக்கு விசிற ஆரம்பித்தாள். "மயக்கமா வருதா அம்சம்? யாராச்சும் தண்ணி கொண்டாங்க."

"எனக்கில்ல."

"என் தம்பி பெட்டிக்குள்ள ஜில்லுனு இருக்கான்மா. அவனுக்கு எதுக்கு விசிறி..." சொல்லி முடிப்பதற்குள் அத்தை உடைந்து அழுதாள். அவளைப் பார்த்து நாலு பேர் அழுதார்கள். அம்மா அழவில்லை. விசிறியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மூட்டையில வச்சு, பின்பக்கத்த வெளிய இழுத்து விடு" என்றாள். எழில்மொழி அப்படியே வைத்தாள். அம்மா மூட்டைக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே விசிறத் தொடங்கினாள். "இப்பப் போடு."

டெஸ்க்டாப் வந்தது. போல்டர் திறந்தது. எழில்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு போன் ஒயரைச் சொருகினாள்.

"எப்பவும் இப்படித்தானா?"

"படம் பாக்கறப்ப எல்லாம் இப்படித்தான். கை ஓஞ்சா அணைஞ்சுரும். கத்துவாரு."

"முழுப் படத்துக்குமா விசிறுவ?"

"அவரு பாப்பாரு, நான் விசிறுவேன்."

"நீ பாக்க மாட்டியா?"

"பின்னாடி ஒக்காந்திருந்தா எங்கேருந்து தெரியும்? பேசுறது கேக்கும்."

எழில்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீரோ மேல் இருந்த டேப்பை எடுத்து யார் மேலாவது எறிய வேண்டும் போலிருந்தது. யார் மேல் எறிவது? படம் போனில் ஏறியது. அனுப்பிவிட்டாள்.

ஜாஹித் உடனே கூப்பிட்டார். "நல்ல படம்மா. பக்கத்துல அம்மா நிக்கிறாங்க, அவங்கள வெட்டிடுறேன். தோள் கொஞ்சம் தெரியும், பூவ வச்சு மறைச்சுடுறேன்."

"சரிண்ணே."

வெயில் தாழ எடுத்துவிட்டார்கள். தேரின் முன்னால் ஃப்ரேமுக்குள் அப்பா, மாலையும் வெள்ளைச் சட்டையுமாக நேராகப் பார்த்துக்கொண்டு போனார். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். தப்பு அடிக்கும் சத்தம் வாய்க்கால் கரையைத் தாண்டித் தேயும் வரைக்கும் அம்மா அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது ஃப்ரீசர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூடத்தைக் கழுவிவிட்டு எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். எழில்மொழி ஈரத் தலையோடு அறைக்கு வந்தாள். அம்மா லேப்டாப்புக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அது எப்போதோ அணைந்திருந்தது.

"அதப் போடு."

"அதான் அனுப்பியாச்சேம்மா. போன்ல இருக்கு, போன்ல பாரு."

"போடு."

இனி இந்த வீட்டில் யாரோடும் மல்லுக்கட்ட அவளிடம் தெம்பு இல்லை. பட்டனை அழுத்தினாள். அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். படம் வந்தது. வெட்டாத படம். மாலையோடு ரெண்டு பேரும். அப்பா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?" பின்னாலிருந்து விசிறிக்கொண்டே கேட்டாள்.

எழில்மொழி போய் அவள் கையிலிருந்த விசிறியை வாங்கினாள். "எந்திரி. அந்தப் பக்கம் போ."

"அணைஞ்சுரும்டி."

"நான் விசிறுறேன். போம்மா."

அம்மா தயங்கித் தயங்கி முன்பக்கம் போய், அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

சுவரோரத்திலிருந்து எழில்மொழிக்குப் படம் தெரியவில்லை. திரை வெளிச்சம் விழுந்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டு விசிறினாள்.