இரண்டு பக்கமும் பச்சை

ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அழைப்புகளின் தரம் பார்ப்பது என் வேலை. தன் குரல் மனைவிக்குக் கேட்கவில்லை என்று ஜவளகிரி மாதேஸ்வரனின் புகார் வந்தபோது எங்கள் திரையில் எல்லாம் பச்சை, பழுதே இல்லை. அவர் குரல் எங்கள் எல்லையைச் சுத்தமாகத் தாண்டியிருந்தது. பெங்களூரு ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவி ருக்மணியின் போன் வேறு கம்பெனி. அவர்களைக் கேட்டேன். அங்கேயும் பச்சைதானாம்.

இரண்டு கம்பெனியின் இணைப்பும் சேருமிடத்தில் பழுது. ருக்மணியின் குரல் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இவர் குரல் மட்டும் அங்கே போகவில்லை. அந்த இடம் எங்களுடையது என்று சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. புகாரை மூடச் சொல்லிவிட்டார்கள்.

மூடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டேன்.

"ருக்மணி அன்னிக்கே தவறிட்டாம்மா. 'இருக்கேன், கேக்குது'ன்னு அவ்ளோ கத்துனேன். அதுல ஒண்ணாவது அவளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சுங்க" என்றேன். தெரிந்தே சொன்ன பொய்.



"அப்ப ஏம்மா அவ கடைசி வரைக்கும், 'இன்னும் கோவமா? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?'ன்னே கேட்டுட்டிருந்தா?"