கடைசி அசை

பட்டென்று சத்தம். சுருட்டிய வாரப் பத்திரிகை ஒன்று ஒப்பனை அறைக் கண்ணாடியில் மோதி, பவுடர் டப்பாக்களை உருட்டிக்கொண்டு விழுந்தது. எறிந்தவர் பாடகிகளை நிர்வகிக்கும் நிறுவனத்தின் முதலாளி குரோபே.

கனாயே உதட்டுச்சாயத்தைக் கீழே வைக்கவில்லை. வயது பத்தொன்பது. அவள் பாடிய ‘ஏழாவது நடைமேடை’ நான்கு வாரமாக முதலிடத்தில் இருந்தது. எண்பத்தெட்டு ஜூனில் அது ஒலிக்காத காப்பிக்கடை டோக்கியோவில் இல்லை.

பத்திரிகையில் அவள் படம். பக்கத்தில் அவள் குழுவின் டிரம்மர். மழை. இருவருக்கும் ஒரே குடை.

“பள்ளிக்கூடப் பசங்க சுவத்துல குடை வரைஞ்சு, அடியில ரெண்டு பேரோட பேரை எழுதினா, அவங்க காதலர்கள்னு அர்த்தம், உனக்குத் தெரியாதா?”

“அவர்கிட்ட குடை இல்ல, முதலாளி. நனைய விட்டிருக்கணுமா?”

“நனைஞ்சிருந்தா அவனுக்குச் சளி. நனையாததால எனக்கு மாரடைப்பு!” என்றார் குரோபே. “இன்னைக்கு நேரடி ஒளிபரப்பு. பாட்டு முடிஞ்சதும் இடுப்பு வரைக்கும் குனி. காதலே கிடையாதுன்னு சொல்லி ரசிகர்களை ஏமாத்திட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. குனியலேன்னா இந்தப் பாட்டோட உன் கதை முடிஞ்சுது. அடுத்த பாட்டை நம்ம புதுப் பொண்ணு மியோ பாடுவா.”

கதவை அறைந்துவிட்டுப் போனார்.

அவளைக் கவனித்துக்கொள்ளும் ஒகிதா முதுகுப்பக்க ஜிப்பை இழுத்துவிட்டபடி முணுமுணுத்தாள். “அஞ்சு விநாடிதானேம்மா. தரையில எதையோ தேடுற மாதிரி நெனைச்சுக்க.”

“எதைத் தேடுறது, அக்கா? நான் எதையும் தொலைக்கலையே.”

மேடையில் விளக்கு விழுந்தது. தலையில் பட்டை கட்டிய ரசிகர் படை, வரிக்கு வரி இடைவெளியில் “கனாயே-ச்சான்!” என்று பெயரோடு செல்லம் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. விட்டுப்போன காதலனை எண்ணி ஒரு பெண் ரயில் நிலையத்தில் நிற்கும் பாட்டு அது. ‘நீ வரும்வரை காத்திருப்பேன்’ என்று முடியும்.

ஜப்பானிய மொழியில் சம்மதமும் மறுப்பும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கின்றன. கடைசி அசை வரும்வரை கேட்பவருக்குத் தெரியாது.

கனாயே மூச்சை இழுத்தாள்.

“நீ வரும்வரை காத்திருக்க… மாட்டேன்.”

ரசிகர் படை முதல்முறையாகத் தாளம் தவறியது. பிறகுதான் கூரை அதிர்ந்தது.

தொகுப்பாளர் கையில் தயாராகக் கைக்குட்டையும் ஒலிவாங்கியும். “ஏதோ சொல்லணும்னு…”

“பாட்டுலயே சொல்லிட்டேன். நன்றி.” அவள் கழுத்துகூட வளையவில்லை.

நடைவழியில் குரோபே காத்திருந்தார். பக்கத்தில், அன்று விருந்தினராக வந்திருந்த, அந்தப் பாட்டை எழுதிய பாடலாசிரியை மினெகிஷி. எழுதியவரின் சொல்லை மாற்றுவது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். இந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பாட்டைக் கனாயே இனி எந்த மேடையிலும் பாட முடியாது.

முதலாளிக்குக் குனியாத இடுப்பு இப்போது முழுதாகக் குனிந்தது.

“ஆசிரியரே, உங்களைக் கேக்காம மாத்தினதுக்கு மன்னிச்சிடுங்க. மாத்தின வார்த்தைக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

“திமிரைப் பாத்தீங்களா!” குரோபேயின் குரலில் வெற்றிக் களை. “இனிமே இவ வாயில உங்க பாட்டு வரக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

மினெகிஷி சிகரெட்டை நிதானமாக நசுக்கி அணைத்தார்.

“நான் முதல்ல ‘மாட்டேன்’னுதானே எழுதிக் கொடுத்தேன், குரோபே-சான்? பொண்ணு வாயில அது நல்லா இருக்காதுன்னு அடிச்சு மாத்தினது நீங்கதானே?”