அக்காவின் இருமலுக்கு வயது என்ன?

1
இந்தக் கதை பிறந்ததற்கு என் வாய்தான் காரணம். மாலை வகுப்பில் தினமும் நாலு வரியாவது டைரி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதனால் வந்த வினை.

2
தொடக்கம், முதல் வரைவு: "நச்சுப் புகை சூழ்ந்த நெடுஞ்சாலையின் துயர விளிம்பில் ஒரு பெண்..."

(வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள். சிரித்தால் இருமுவாள்.)

இரண்டாவது: அக்கா சுங்கச்சாவடியில் ரசீது கிழித்துக் கொடுப்பவள். ஏசி கார்கள் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, ரசீதை வாங்கியதும் ஏற்றிக்கொள்ளும். வெளியே மிஞ்சும் புகை முழுக்க அவளுக்கு.

3
நுரையீரலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "எத்தனை நாளா இருமல்?"

"கொஞ்ச நாளா சார்" என்றாள் அக்கா.

நான் முந்திரிக்கொட்டை. டைரியைப் பிரித்தேன். "ரெண்டு வருஷம் நாலு மாசம், டாக்டர். செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு மழை."

அவர் அப்படியே குறித்துக்கொண்டார், மழையைத் தவிர.

சாவடிக்காரர்கள் அவளுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தது போன வருடம்தான். அதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் தர முடியாது என்று கடிதம் வந்தது. கையிலிருந்து கட்டிச் சோதனை செய்ய வழியில்லை.

(இங்கே காப்பீட்டு அதிகாரியை வில்லனாக்க நினைத்து மீசையெல்லாம் வைத்தேன். போனில் பேசியது ஒரு பெண். "மறுபரிசீலனைக்கு எழுதிக் குடுங்க. உங்களைத் தவிர, அவங்களைத் தெரிஞ்ச இன்னொருத்தர் நம்பரும் போடுங்க, இருமல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு விசாரிப்போம்" என்றாள், பாவப்பட்டு. மீசையை எடுத்துவிட்டேன்.)

4
"ஏண்டி, உன்னை யாரு கேட்டா? பெரிய சரித்திர ஆசிரியை!"

"உண்மையைத்தானேக்கா சொன்னேன்?"

"உன் உண்மையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில கட்டு, ரசீது தருவாங்க." இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "கதையில என்னைச் சாகடிச்சுடாத. அழகா இருக்கேன்னு எழுது."

(அழகாக இருக்கிறாள்.)

5
முடிவுகள்:

அந்த இன்னொருவர் பொய் சொல்கிறார். சோதனை நடக்கிறது.

அந்த இன்னொருவர் உண்மை சொல்கிறார். அக்கா திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு... (இதை மூன்று முறை தொடங்கிவிட்டேன்.)

இருமலுக்குப் புகைதான் காரணம் என்று சாவடிக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். (வகுப்பாசிரியர் ஓரத்தில் எழுதியது: "நம்பும்படி இல்லை.")

6
அக்காவை இப்போது உங்களுக்குத் தெரியும். அதனால் படிவத்தில் உங்கள் எண்ணைப் போட்டுவிட்டேன், மன்னியுங்கள். நாளை பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். கேள்வி ஒன்றுதான். பதிலையும் நானே உளறித் தொலைத்துவிட்டேன்.

தெரியாத மாதிரிப் பேச உங்களுக்கு வருமா?