மேல்மூடி இல்லாத பெட்டி

மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி நெடுகக் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மணிமேகலை அவற்றில் தோள் பட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கி ஏறினாள். எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது, என்ன கேட்க வேண்டும் என்பதை ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். அப்போது அவள் மனத்தில் இருந்தது ஒரு வயதான பேராசிரியர் வீடு. பெயர்ப்பலகை, கண்ணாடி பீரோ, கூப்பிட்ட குரலுக்கு உள்ளேயிருந்து ஓர் இருமல். கணக்குக் கைடின் அட்டையில் ஆசிரியர் இளவேனில் என்று போட்டிருந்ததை ஆண் பெயர் என்றே நினைத்திருந்தாள். பின்னட்டையில் இருந்த நம்பருக்கு முந்தாநாள் போன் செய்தபோது எடுத்தது ஒரு பெண். அவருடைய மனைவியாக இருக்கும் என்று நினைத்து, "சார் இருக்காங்களா?" என்றாள். "நான்தாம்மா இளவேனில். சந்தேகமா? சனிக்கிழமை வீட்டுக்கே வந்துரு. கைப்பிள்ளய வச்சுக்கிட்டு போன்ல சொல்லித்தர முடியல" என்று பதில் வந்தது. தான் வருவது சந்தேகம் கேட்க இல்லை என்று மணிமேகலை சொல்லவில்லை.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலை வாரியிருக்கவில்லை. நைட்டியின் மேல் ஒரு துண்டு. "வா, வா. பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" என்று கேட்டபடியே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். அறையின் நடுவே உத்தரத்திலிருந்து தொட்டில் தொங்கியது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாதா படத்துக்குக் கீழே மரப்பலகையில் கணக்குப் புத்தகங்கள், அவற்றுக்கு நடுவே பால்பவுடர் டப்பா. தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்கிய பிறகு, பஸ்ஸில் தயார் செய்த வாக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது என்று மணிமேகலைக்குத் தெரியவில்லை.

அந்தக் கைடை அவள் வெறுக்க வந்திருந்தாள். ஆனால் அதைப்போல வேறெதுவும் அவளுக்கு உதவியதில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து இன்ஜினியரிங் சேர்ந்தவள். முதல் செமஸ்டரில் பல மாறிகளை வைத்துப் போடும் நுண்கணிதம் வந்தபோது, போர்டில் சார் போட்ட வளைந்த குறியை ஆறு என்ற எண்ணைத் திருப்பிப் போட்டதாக நினைத்து ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்கலாம் என்றால் இங்கிலீஷில் கேட்க வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அந்த நீல அட்டைக் கைடைச் சீனியர் ஒருத்தி வாங்கச் சொன்னாள். அதில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் தமிழில் சின்ன எழுத்தில் ஏதாவது எழுதியிருந்தது. 'இங்கே y-யை அசையவிடாமல் பிடித்துக்கொள். x மட்டும்தான் நகர்கிறது.' அந்த ஒரு வரியில் அவளுக்குப் பாதிப் பாடம் புரிந்துவிட்டது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுக் காட்டுவதுபோல இருந்தது. கைடை முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். விடைகள்கூட மனப்பாடம் ஆகிவிட்டன.

"எந்தக் கணக்கு?" என்று இளவேனில் அருகில் பாய் விரித்து உட்கார்ந்தாள்.

மணிமேகலை பையிலிருந்து கைடை எடுத்துப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மேல்மூடி இல்லாத செவ்வகப் பெட்டி. முப்பத்திரண்டு கன அடி கொள்ள வேண்டும். தகரம் குறைவாகச் செலவாக நீளம், அகலம், உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

"இது லேசுதான். லக்ராஞ்சு முறையில போட்டா ரெண்டு நிமிசம்." இளவேனில் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். சமன்பாடுகளை வாயால் சொல்லிக்கொண்டே எழுதினாள். கைடின் ஓரத்தில் இருந்த அதே குரல்தான் என்று மணிமேகலைக்குத் தோன்றியது. "நீளமும் அகலமும் ஒண்ணு, உயரம் அதுல பாதி. ஆக நாலு, நாலு, ரெண்டு" என்று முடித்துக் கோடு போட்டாள்.

"புக்குல நாலு, ரெண்டு, நாலுன்னு இருக்கு மேம்."

இளவேனில் கைடை வாங்கிப் பார்த்தாள். முதல் நான்கு வரிகள் சரியாக இருந்தன. ஐந்தாவது வரியில் y இருக்க வேண்டிய இடத்தில் z-உம், z இருக்க வேண்டிய இடத்தில் y-யும் அச்சாகியிருந்தன. அங்கிருந்து கீழே எல்லாம் அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இறங்கிப் போய், உயரமான குறுகிய ஒரு பெட்டியில் முடிந்திருந்தது. அதன் கொள்ளளவும் முப்பத்திரண்டுதான். சரிபார்க்கிறவர் கொள்ளளவை மட்டும் பெருக்கிப் பார்த்தால் தவறு தெரியாது.

"அச்சுல மாறிருச்சு போல. நல்லவேளை சொன்ன. பரீட்சைக்கு முன்னாடி..."

"பரீட்சை முடிஞ்சிருச்சு மேம். இந்தக் கணக்குதான் வந்துச்சு."

தொட்டில் கயிறு லேசாக முனகியது. இளவேனில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மொதல்ல நாலு, நாலு, ரெண்டுன்னுதான் வந்துச்சு. தகரம் எம்புட்டுன்னும் போட்டுப் பாத்தேன். நாப்பத்தெட்டு. அப்பறம் புக்குல வேற மாதிரி இருந்துச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்கும் போட்டுப் பாத்தேன். அம்பத்தாறு."

"ஒன்னோடதுலதான தகரம் கம்மி? தெரிஞ்சுமா மாத்துன?"

"தெரிஞ்சுச்சு. ஆனா புக்கு தப்பா இருக்கும்னு தோணல மேம். எனக்குத்தான் எங்கயோ தப்பாயிருக்கும்னு தோணுச்சு. முழுசா அடிச்சுட்டு, புக்குல உள்ள மாதிரியே எழுதுனேன். அதுல நேரம் போயிருச்சு. கடைசிக் கணக்கத் தொடவே முடியல."

ஆறு மார்க் குறைந்ததில் அரியர் விழுந்தது. மறுபடி எழுதித் தேறிவிடலாம். ஆனால் ஒரு தடவை அரியர் இருந்தாலே இன்டர்வியூவில் உட்காரவிடாத கம்பெனிகள் உண்டு என்று சீனியர்கள் ரிசல்ட் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நல்ல கம்பெனிகள் முக்கால்வாசி அப்படித்தானாம். இதையெல்லாம் மணிமேகலை அழாமல் சொன்னாள். எரியோட்டில் நிறைய அழுதாகிவிட்டது.

"அப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா முருங்கைத் தோட்டத்துல இருக்காரு. மறுபடி எழுதுனா சரியாப் போயிரும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. போகாதுன்னு நான் சொல்லல."

இளவேனில் எழுந்து போய் போனை எடுத்தாள். பதிப்பாளர் பொம்மையனுக்குப் போட்டு, மணிமேகலைக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு களைத்த குரல், "புக்கு பழனி, ஒட்டன்சத்திரம் வரைக்கும் கடைகளுக்குப் போயிருச்சேம்மா. எங்க போய்த் திருப்பி வாங்க? ஒரு கணக்குதான. அடுத்த பதிப்புல பாத்துக்குவோம். ஒடம்பப் பாத்துக்கங்க" என்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. மணிமேகலைக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆளைத் தேடி இம்புட்டுத் தூரம் வந்திருந்தாள்.

கைடு வந்தது போன செப்டம்பரில். குழந்தைக்கு இப்போது ஆறேழு மாதம் இருக்கும். அச்சுப்படி எந்த நேரத்தில், எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் திருத்தப்பட்டிருக்கும் என்பதை மணிமேகலையே கூட்டிப் பார்த்துக்கொண்டாள். இளவேனில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்.

"உங்க காலேஜுக்கு நான் ஒரு லெட்டர் எழுதித் தரட்டா?"

"கைடப் பாத்து எழுதுனது என் தப்புன்னு சொல்லிட்டாங்க மேம்."

"ஆமா. அப்படித்தான் சொல்லுவாங்க." இளவேனில் கைடின் மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொன்றாக. ஒரு பக்கத்தில் நின்று உதடசைய வாசித்தாள், விட்டாள், மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். "இதப் பாத்தா எல்லாமே சரியாத்தான் தெரியுது. அந்தப் பெட்டிக் கணக்கும் அப்ப சரியாத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு பாயைப் பார்த்தபடி, "இன்னும் எங்கல்லாம் இருக்கோ. ஒனக்குத்தான் இந்தப் புக்கு முழுசும் மனப்பாடமா இருக்கு. ஒருவாட்டி நீ பாத்துத் தாரியா?" என்றாள்.

"எனக்கு அரியருக்குப் படிக்கணும் மேம்."

சொன்னபோதே அது கடுமையாக விழுந்தது மணிமேகலைக்குத் தெரிந்தது. இருந்தாலும் திருத்திக்கொள்ளவில்லை. "படிக்கணும்ல" என்று இளவேனில் தலையாட்டினாள். மணிமேகலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். செருப்பை நோக்கி நடந்தபோது குழந்தை விழித்து அழத் தொடங்கியது. இளவேனில் தொட்டிலை விலக்கிக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு, சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். அழுகை நிற்கவில்லை. கீழே தெருவில் கொய்யாப்பழம் விற்கிறவன் ஒலிபெருக்கியில் ஆயக்குடிக் கொய்யா, ஆயக்குடிக் கொய்யா என்று கூவிக்கொண்டு போனான். பாயின் மேல் கைடு விரித்தபடி கிடந்தது. காற்றில் ஒரு பக்கம் தானாகப் புரண்டது.

மணிமேகலை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பெட்டிக் கணக்குக்கு அடுத்த கணக்கு. ஒரு நேர்கோட்டுக்கும் ஒரு வளைகோட்டுக்கும் நடுவிலுள்ள பரப்பு. அதன் விடையும் அவளுக்குத் தெரியும். ஆனால் அது சரிதானா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பையைக் கழற்றாமலே திரும்பி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைடில் இருந்த விடையின் மேல் இடது உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். பில்லில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு அச்சுகளை வரைந்து, கோட்டை இழுத்து, வளைவைப் போட்டாள்.

ஜன்னலோரம் இளவேனிலின் நடை நின்றது. தோளில் குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது தெரியாமல், குனிந்த அந்தத் தலையையும் தாளில் மெதுவாக நகரும் பேனாவையும் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.