நான் பார்த்த ஆரஞ்சுப் பிறை

நீலன் பட்டாம்பூச்சி இறக்கையை மூடிய அந்த நொடியில்தான் எனக்குத் தும்மல் வந்தது. பூச்சியோ நகம் அளவு, என் தும்மலோ ஊர் அளவு. பறந்துவிட்டது.

நாலடி பின்னால் நோட்டோடு நின்ற அக்கா கேட்டாள்: "பாத்தியாடா?"

சின்ன நீலன்கள் இறக்கையை விரித்தால் எல்லாம் ஒரே நீலம். மூடினால்தான் அடிப்புறப் புள்ளிகளை வைத்து எது எதுவென்று சொல்ல முடியும். அதனால் அக்காவின் சட்டம்: முன்னால் போகிறவன் பூச்சியின் பெயரைச் சொல்லக் கூடாது, கண்ணில் பட்ட புள்ளியை மட்டும் சொல்ல வேண்டும். அறிவியல் டீச்சர், சட்டம் போடவே பிறந்தவள். அவள் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் இந்தப் புதர்க்காட்டில் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தப் போகிறார்கள். அரிய நீலன் ஒன்று இங்கே இருக்கிறதென்று காட்டினால் காடு பிழைக்கும். மூன்று வாரமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம்.

நான் பார்த்தது வெறும் நீலம். ஆனால் அக்காவின் அட்டவணையிலிருந்த அந்த அரிய நீலனின் படம் எனக்கு மனப்பாடம். "ஓரத்துல ஆரஞ்சுப் பிறை, உள்ள ரெண்டு கருப்புப் பொட்டு," என்று வாய் தானாக ஒப்பித்தது.

அக்கா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். என்னைத் திட்டாமல் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு உண்மையைச் சொல்ல எந்தத் தம்பிக்கு மனசு வரும்?

அவள் கையெழுத்தோடு அறிக்கை போனது. பூச்சி ஆய்வாளர் வந்தார். இரண்டு நாள் தேடியும் அகப்படவில்லை. தலைமையாசிரியர் முன்னால் என்னைக் கேட்டார்: "பிறை முன் இறக்கையிலயா, பின் இறக்கையிலயா சார்?"

"ரெண்டுலயும்," என்றேன், தாராளமாக.

"அப்படி ஒரு பூச்சி உலகத்துலயே கிடையாது சார்."

"நான் பாக்கலைங்க. தும்மிட்டேன்."

தலைமையாசிரியர் சிரித்தார். ஆய்வாளர் லென்ஸைப் பெட்டியில் வைத்து மூடினார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை போல.

என்னால் அக்கா பேர் கெட்டுவிட்டதா என்று பிறகு நான் கேட்டவர்களெல்லாம் பூசி மெழுகினார்கள். மாமா, "விடு மாப்ள, டீ குடி," என்றார். அக்காவோ நான் என்ன கேட்டாலும், "சாப்பிட்டியா?" என்றாள். நாலு நாள் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் புதரோரம் தனியாக நின்றவளிடம் போய் மறுபடியும் கேட்டேன். "அக்கா, என்னால உன் பேரு கெட்டுப்போச்சா?"

"ஆமாடா, கெட்டுப்போச்சு," என்றாள். "இனிமே நான் நிஜமாவே பாத்துட்டு வந்து சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."